ஊர்க்காரராக வாழ்தல்: ஆரணியை முன்வைத்துச் சில குறிப்புகள்

வெளிநாட்டில் சில மாதங்களோ வருஷங்களோ தங்கப் போகிறவர்களுக்கு ஓர் அறிவுரை ஓயாமல் சொல்லப்பட்டு வருகிறது. சுற்றுலாக்காரரைப் போல இராதே, அந்த ஊர்க்காரரைப் போல வாழ். அவர்கள் சாப்பிடுகிற கடையில் சாப்பிடு, அவர்கள் ஏறுகிற பஸ்ஸில் ஏறு, அவர்கள் பேச்சைக் கற்றுக்கொள். ஏர்பிஎன்பி என்கிற அமெரிக்க வாடகைவீட்டு நிறுவனம் 2016இல் இதையே உலகளாவிய விளம்பரமாக்கிக் காசு பார்த்தது. மானுடவியல் துறையோ இதே விஷயத்தைப் 'பங்கேற்று அவதானித்தல்' என்ற பெயரில் நூறு வருஷமாக ஓர் ஆய்வுமுறையாகக் கற்பித்து வருகிறது. 'மக்களோடு மக்களாக' என்று நம் இயக்கத் தோழர்கள் சொல்லிக்கொள்வதும் இதற்குப் பங்காளி முறைதான்.

இந்த மூன்று பேருக்கும் பொதுவான அனுமானம் ஒன்று இருக்கிறது. ஒவ்வோர் ஊரிலும் 'ஊர்க்காரர்' என்று பொதுப்படையாக ஓர் ஆள் இருக்கிறார், அவரைப் பார்த்து அவரைப் போலச் செய்துவிட்டால் போதும் என்பது. இந்த அனுமானத்தை ஆரணியில் வைத்துச் சோதித்துப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். நான் ஆரணி, தறிக்கார வீடு என்பது ஒரு காரணம். அதைவிட முக்கியமான காரணம், 1970களின் தொடக்கத்திலிருந்து வெளிநாட்டு ஆய்வாளர்கள் திரும்பத் திரும்ப வந்து தங்கி எழுதிய தமிழகச் சிறுநகரம் ஆரணி. மதுரையையும் சிதம்பரத்தையும் பார்க்கக் கோயில் இருக்கிறது, வருகிறார்கள். ஆரணிக்கு வந்தவர்கள் அரிசி மில்லையும் பட்டுத்தறியையும் நகைக்கடையையும் பார்க்க வந்தார்கள்.

முதலில் 'ஊர்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். புதிதாக ஒருவர் வந்தால் நம் பக்கத்தில் கேட்கிற கேள்வி எல்லாருக்கும் தெரியும். "எந்த ஊரு?" பதில் வந்ததும் அடுத்தது, "ஊர்ல எங்க? எந்தத் தெரு?" அதற்கும் பதில் வந்தால், "யாரு வூடு?" மூன்றாவது கேள்விக்குள் சாதி தெரிந்துவிடும். தெரியாவிட்டால் நான்காவதாக ஒரு கேள்வி வரும், அது குலதெய்வம். 'சாதி என்ன' என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஊர் என்பது நம் பேச்சில் இடத்தின் பெயராக மட்டும் புழங்குவதில்லை. ஆளை எங்கே உட்கார வைப்பது, எந்தத் தம்ளரில் தண்ணி கொடுப்பது என்று முடிவுசெய்கிற ஒரு சொல்லாடல் அது. ஆரணியைச் சுற்றி எந்தக் கிராமத்துக்குப் போனாலும் 'ஊரு' ஒருபக்கம், 'காலனி' இன்னொரு பக்கம். தலைமுறை தலைமுறையாக அங்கேயே பிறந்து செத்த தலித் மக்கள் ஊருக்கு வெளியே இருக்கிறார்கள் என்பதை இலக்கணப் பிழையில்லாமல் சொல்ல நம் மொழியால் முடிகிறது. ஆக, 'ஊர்க்காரரைப் போல வாழ்' என்று தமிழில் சொன்ன மாத்திரத்திலேயே சிலரை வெளியே நிறுத்தியாகிவிட்டது.

ஒரு வெள்ளைக்காரரைப் பார்த்து "எந்த ஊரு?" என்று கேளுங்கள். "இங்கிலாந்து" என்பார். அத்தோடு கேள்வி நின்றுவிடும். இங்கிலாந்தில் எந்தத் தெரு என்று ஆரணியில் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. வெளிநாட்டவருக்கு நம் ஊரில் கிடைக்கிற பெரிய சலுகை வெள்ளைத்தோல் மட்டுமில்லை. அந்த இரண்டாவது கேள்வியிலிருந்து விடுதலையும்தான்.

இந்த விடுதலையை வேண்டாமென்று தள்ளி, இரண்டாவது கேள்விக்கும் பதில் சொல்லத் துணிந்த வெளிநாட்டவர்கள் இருந்திருக்கிறார்கள். தமிழகத்தில் இதில் நன்கறியப்பட்ட முன்னோடி 1606இல் மதுரைக்கு வந்த இத்தாலியப் பாதிரி ராபர்ட் தெ நோபிலி. அப்போது மதுரையில் ஏற்கனவே கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற போர்ச்சுக்கீசியப் பாதிரி இருந்தார். பரதவர்களுக்கு ஊழியம் செய்துவந்தவர். மாட்டிறைச்சி தின்று சாராயம் குடிக்கிற 'பறங்கி' என்றே மதுரைக்காரர்கள் அவரைப் பார்த்தார்கள். மேல்சாதியார் ஒருவரும் அவரிடம் வரவில்லை. நோபிலி என்ன செய்தார்? தான் பறங்கி அல்ல, ரோமாபுரியைச் சேர்ந்த உயர்குலத்தார் என்று அறிவித்தார். காவி கட்டினார், மரக்கறி உணவுக்கு மாறினார், பிராமணச் சமையல்காரரை வைத்துக்கொண்டார். தமிழும் சமஸ்கிருதமும் படித்துத் தத்துவ போதகர் ஆனார். தமிழ் உரைநடை வரலாற்றில் அவருக்கு இடமுண்டு, அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அவர் கொடுத்த விலையைக் கவனியுங்கள். தன் சபையைச் சேர்ந்த பெர்னாண்டஸோடே பகிரங்கமாக ஒட்டி உறவாட முடியாமல் போனது. பரதவர் பக்கம் போக முடியாமல் போனது. சண்டை ரோம் வரை போய், 1623இல் போப் பதினைந்தாம் கிரகோரி நோபிலிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். பிறகு 1640 வாக்கில் சேசு சபையார் கண்டுபிடித்த தீர்வு இன்னும் சுவாரஸ்யமானது. பிராமணர்களுக்கு ஒரு வகைச் சாமியார், மற்றவர்களுக்குப் 'பண்டாரசாமி' என்று இன்னொரு வகைச் சாமியார். ஊர்க்காரரைப் போல வாழ்வது என்று புறப்பட்ட கிறிஸ்தவம், ஊரில் இருந்த பிளவைத் தன் உடம்பிலேயே எடுத்துக்கொண்டது.

ஆக, 17ஆம் நூற்றாண்டிலேயே விடை தெரிந்துவிட்டது. இங்கே ஊர்க்காரராக ஆவது என்றால் ஒரு சாதிக்காரராக ஆவது.

மானுடவியல் இதை மறுபடியும் முதலிலிருந்து கற்க வேண்டியிருந்தது. முதல் உலகப்போர் சமயத்தில், 1915க்கும் 1918க்கும் இடையில், பசிபிக்கின் டிரோபிரியாண்ட் தீவுகளில் கூடாரம் போட்டுத் தங்கிய மாலினோவ்ஸ்கிதான் இத்துறையின் குலதெய்வம். வெள்ளைக்காரர்களின் சகவாசத்தை விட்டுப் பழங்குடி கிராமத்தின் நடுவே வாழ வேண்டும் என்று 1922இல் நூலெழுதி விதி செய்தவர் அவர். அவர் இறந்து கால் நூற்றாண்டு கழித்து 1967இல் அவருடைய அந்தரங்க நாட்குறிப்பு அச்சானது. அதில் அந்த மக்கள்மீது எரிச்சலும் வசையும், நாவல் படித்தே பொழுதைத் தள்ளிய நாட்களும் இருந்தன. துறை அதிர்ந்துபோனது என்பார்கள். எனக்கு அதில் அதிர்ச்சி ஒன்றுமில்லை. கூடாரம் அடித்துத் தங்கிய ஒருவர் எப்போது வேண்டுமானாலும் அதைச் சுருட்டலாம் என்பதே என் கவனத்தில் நிற்பது.

நமக்குப் பக்கத்து உதாரணம் ஆந்த்ரே பெத்தேய். பிரெஞ்சுத் தந்தைக்கும் வங்கத் தாய்க்கும் பிறந்த இந்தியர். 1961-62இல் தஞ்சை மாவட்டத்துக் கிராமமொன்றில் தங்கி ஆய்வு செய்தார். 'ஸ்ரீபுரம்' என்பது அவர் அதற்கு வைத்த புனைபெயர். தங்கியது அக்கிரகாரத்தில். பிராமணரல்லாத வெளியாள் அங்கே வீடெடுத்துத் தங்குவது அபூர்வம். ஆனால் தங்கியதாலேயே ஊர் அவரைப் பிராமணர்களோடு சேர்த்துப் பார்த்தது. மற்ற தெருக்களிலும், குறிப்பாக ஆதிதிராவிடர் தெருக்களிலும் தனக்குக் கிடைத்த அணுக்கம் குறைவுதான் என்று 1965இல் வந்த நூலில் அவரே சொல்லியிருக்கிறார். நேர்மையான கூற்று. ஆனால் அந்தக் கூற்றின் முழு அர்த்தத்தையும் நம் சமூகவியல் இன்னும் உள்வாங்கவில்லை. வீட்டுக்காரர் யார் என்பது ஆய்வின் முன்னுரையில் நன்றி சொல்லி முடித்துவிடுகிற விஷயமாகவே இருக்கிறது. திண்ணை எதுவோ அதற்கேற்ற காட்சிதான் தெரியும்.

இனி ஆரணி. கமண்டல நாகநதிக் கரையில், 2011 கணக்கெடுப்பின்படி 60 ஆயிரத்தைச் சற்றே தாண்டிய மக்கள்தொகை. 1989 வரை வட ஆற்காடு மாவட்டம், அதன்பின் திருவண்ணாமலை. ரயிலில் வந்தால் ஆரணி ரோடு என்று ஸ்டேஷன் பெயர் இருக்கும், இறங்கினால் களம்பூர். ஊர்ப்பெயரை நம்பி இறங்கினால் வேறு ஊர் என்பதை ரயில்வேக்காரரும் நமக்குச் சொல்லிக்கொடுக்கிறார்.

இந்த ஊரில் 'ஊர்க்காரர்' யார்? 17ஆம் நூற்றாண்டிலிருந்து இங்கே ஜாகீராக ஆண்ட குடும்பம் மராத்திப் பிராமணக் குடும்பம். பட்டுத்தொழிலில் பெரும் பங்கு வகிக்கிற சௌராஷ்டிரர்கள் சில நூற்றாண்டுகளுக்கு முன் குஜராத் பக்கத்திலிருந்து புறப்பட்டவர்களின் வழிவந்தவர்கள், இன்றும் வீட்டுக்குள் அவர்கள் பாஷைதான். செங்குந்தர் தமிழ், பத்மசாலியர் தெலுங்கு, தேவாங்கரில் ஒரு பகுதி கன்னடம். உருது பேசுகிற முஸ்லிம்கள் இருக்கிறார்கள். சுற்றுவட்டாரக் கிராமங்களில் தமிழ்ச் சமணர்களான நயினார்கள் இருக்கிறார்கள், இவர்களைவிடப் பழைய குடி இந்த மண்ணில் யாரென்று கேட்டால் சண்டை வரும். கடைத்தெருவில் அடகுக்கடை வைத்திருக்கிற மார்வாடிகளின் பேரப்பிள்ளைகள் ஆரணியில் பிறந்து, ஆரணிப் பள்ளிக்கூடத்தில் படித்து, எங்களைவிடச் சுத்தமாக "இன்னாபா" என்று பேசுவார்கள். ஆனாலும் 'சேட்டு'தான். சௌராஷ்டிரர் ஊர்க்காரர் ஆகிவிட்டார், சேட்டு ஆகவில்லை. எத்தனை வருஷம் என்பது இங்கே கணக்கில்லை என்றுதானே அர்த்தம்? நெசவு என்ற உற்பத்தி உறவுக்குள் வந்தவர் ஊரானார், வட்டிக்கு வெளியே நின்றவர் வெளியூராகவே இருக்கிறார் என்று இதற்கு ஒரு மார்க்சிய விளக்கம் கொடுக்கலாம். ஓரளவுக்குச் சரியாக இருக்கும். ஆனால் வட்டிக்கு விடுகிற தமிழரை யாரும் வெளியூர் என்பதில்லை என்கிற இடத்தில் அந்த விளக்கம் இடறும்.

சேலைக்கேகூட இங்கே ஊர் மாறிவிடுகிறது. கர்நாடகப் பட்டு, சூரத் ஜரிகை, ஆரணித் தறி. தி.நகர் கடைக் கண்ணாடிக்குள் போகும்போது அதில் கணிசம் காஞ்சிபுரமாகிவிடுகிறது.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்காரர்கள் 1970களின் தொடக்கத்தில் வட ஆற்காட்டுக்கு வந்தது பசுமைப்புரட்சியை ஆராய. பி.எச்.பார்மர் தலைமையில் தமிழகத்தையும் இலங்கையையும் ஒப்பிட்ட ஆய்வு அது, 1977இல் நூலானது. அந்தக் குழுவைச் சேர்ந்த ஜான் ஹாரிஸ் ராந்தம் கிராமத்தில் களப்பணி செய்து 1982இல் தனி நூல் எழுதினார். பார்பரா ஹாரிஸ்-வைட் ஆரணியின் வியாபாரத்தை எடுத்துக்கொண்டார். 1969இல் கேம்பிரிட்ஜிலிருந்து டெல்லி வரை தரைவழியாகவே கார் ஓட்டி வந்த பெண்மணி அவர். 1973-74, 1983, 1993 என்று ஏறக்குறைய பத்து வருஷத்துக்கொரு முறை ஆரணியின் கடைகளையும் மில்களையும் மாதிரி எடுத்து ஆராய்ந்தார். பின்னர் இத்தாலியப் பொருளியலாளர் எலிசபெத்தா பாசிலேயும், சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த நாகராஜ், ஜனகராஜன், ஜெயராஜ் முதலியோரும் சேர்ந்தார்கள். நாற்பது வருஷ ஆரணியைப் பற்றிய தொகுப்பு நூல் 2016இல் வந்தது. நான் அதை ஆங்கிலத்தில் படித்தேன். எங்கள் தெருவில் அதைப் படித்தவர் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன்.

இந்த ஆய்வுகளில் என்னைக் கவர்ந்த விஷயம், ஆரணிக்காரராகிவிட்டோம் என்ற பாவனையை அவை நம்பியிருக்கவில்லை என்பது. கணக்குக் கேட்டார்கள். யாரிடம் கடன், எந்தச் சாதிச் சங்கம், யார் யாருக்கு வேலை கொடுக்கிறார், அரசாங்கத்தின் சட்டம் எட்டாத இடத்தில் எந்தச் சட்டம் வேலை செய்கிறது என்று கேட்டார்கள். அரிசி, பட்டு, தங்கம் மூன்றையும் சாதியும் மதமும் ஆண்-பெண் உறவும் சேர்ந்து ஒழுங்குபடுத்துகின்றன என்ற முடிவுக்கு வந்தார்கள். முறைசாராப் பொருளாதாரம் என்றால் ஒழுங்கற்ற பொருளாதாரம் என்று நினைத்துக்கொண்டிருந்த கல்விப்புலத்துக்கு ஆரணி வைத்த குட்டு அது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர்கள் திரும்பி வந்தார்கள். ஒரு வருஷம் 'வாழ்ந்து' நூலெழுதிப் பதவி வாங்கியவர்கள் நிறைய. பத்து வருஷம் கழித்து அதே கடைக்குப் போய், "போன தடவை சொன்னது இப்போ எப்படி இருக்கு?" என்று கேட்பவர்கள் சொற்பம்.

இனி என் அனுபவத்தில் கண்டது. 1990களில் வெளிநாட்டு மாணவி ஒருவர் ஆராய்ச்சிக்காக எங்கள் தெருவில் ஒன்பது மாதம் தங்கினார். மேலே சொன்ன குழுக்களுக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. நான் மொழிபெயர்ப்பாளன். சம்பளத்துக்குத்தான். உண்மையாகவே நெசவாளர் வீட்டைப் போல வாழ விரும்பினார். புடவை கட்டினார், தரையில் படுத்தார், கையால் சாப்பிட்டார், தார் சுற்றக் கற்றுக்கொண்டார். நல்ல பெண், இதில் எனக்குக் கேலி எதுவுமில்லை.

ஆனால் நெசவாளர் வீடு என்பது என்ன? நடுவீட்டில் குழித்தறி. மிச்சமிருக்கிற இடத்தில் மனிதர்கள். வீட்டுக்குள் தறி இருக்கிறது என்பதைவிடத் தறிக்குள் வீடு இருக்கிறது என்பதே பொருத்தம். விடியற்காலையில் தெருவில் பாவு நீட்டுவார்கள். பழைய பாவின் இழைகளோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைப்பார்கள். கோர்வைச் சேலை என்றால் கரை நாடா எறிய இன்னொரு கை வேண்டும். அந்த நாட்களில் அது பெரும்பாலும் ஒரு பையனின் கை. பெண்கள் தார் சுற்றுவார்கள், பாவுக்குத் துணை நிற்பார்கள், ஆனால் 'நெசவாளர்' என்றால் கணக்கில் ஆண்தான். மழைக்காலத்தில் குழியில் ஈரம் ஏறிப் பாவு தொய்ந்தால் வேலை நிற்கும். வேலை நின்றால் கூலி இல்லை. பட்டும் ஜரிகையும் முதலாளி எடைபோட்டுக் கொடுப்பது, சேலையும் எடைபோட்டு வாங்குவது, குறைந்தால் கூலியில் பிடித்தம்.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது முன்பணம். எங்கள் பேச்சில் அட்வான்சு. தறிக்கு உட்காரும்போது முதலாளியிடம் வாங்குவது. கல்யாணம், பிரசவம், சாவு என்று அதன்மேல் ஏறும். அதற்கு வட்டி கிடையாது, திருப்பிக் கேட்பதும் கிடையாது. ஒரே நிபந்தனை, இன்னொரு முதலாளிக்கு நெய்யப் போவதானால் முழுசாகக் கட்டிவிட்டுப் போ. கட்ட முடியாது என்பதால் போக முடியாது. போனால் புது முதலாளி பழைய முதலாளிக்குக் கட்டி வாங்கிக்கொள்வார், கடன் ஆளோடு இடம்பெயரும். முன்பணம் வாங்காதவனுக்கு நல்ல பாவு கிடைக்காது. வாங்கியவனுக்குத் தெருவைத் தாண்டி வாழ்க்கை கிடைக்காது.

மாணவி தறியில் உட்காரக் கற்றுக்கொண்டார். அவருக்கு எந்த முதலாளியும் அட்வான்சு கொடுத்திருக்க மாட்டார். டிக்கெட் எடுத்துப் போய்விடக்கூடியவருக்கு யார் கொடுப்பார்கள்? மளிகைக் கடையில் எங்கள் தெரு முழுக்க நோட்டில் எழுதி வாங்கும், சனிக்கிழமை கூலி வந்தால் கொஞ்சம் அடைக்கும். மாணவி ரொக்கம் கொடுத்து வாங்கினார். கடைக்காரருக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். ரொக்கம் கொடுப்பவர் வெளியூர் என்பது கடைத்தெருவின் பாலபாடம். அவர் உடுத்தியது, உண்டது, பேசியது எல்லாமே உள்ளூராக இருக்கலாம். எந்த நோட்டிலும் அவர் பெயர் பற்றில் இல்லை.

ஒரே ஒரு நோட்டில் ஏறியது. எங்கள் வீட்டுக் கல்யாணம் ஒன்றில் மொய் எழுதினார். மொய் நோட்டில் முதலில் ஊர், பிறகுதான் பெயர். எழுதிய பெரியவர் வழக்கப்படி, "எந்த ஊரும்மா?" என்றார். அவர் தமிழில், "ஆரணி" என்றார். பந்தலே சிரித்தது. பெரியவரும் சிரித்துவிட்டு, 'வெளிநாடு' என்று எழுதிக்கொண்டார். மொய் என்பது அன்பளிப்பு இல்லை, வெளியாட்கள் பலர் அப்படி நினைக்கிறார்கள். அது கடன். அவர்கள் வீட்டு விசேஷத்தில் நாம் திருப்பிச் செய்தாக வேண்டும், கொஞ்சம் கூட்டி. நோட்டைப் பத்திரமாக வைத்திருப்பதே அதற்காகத்தான். அவர் ஐந்நூறு ரூபாய் எழுதினார், அன்றைக்கு அது பெரிய தொகை. அவர் வீட்டு விசேஷத்துக்கு நாங்கள் எங்கே போய்ச் செய்வது? எங்கம்மா சாகிறவரை இதைச் சொல்லிக்கொண்டிருந்தது. "அந்தப் பொண்ணு மொய் நிக்குதுடா."

நாங்களும் அவருக்கு முன்னால் நடித்தோம் என்பதையும் சொல்ல வேண்டும். அவர் கண்ட ஆரணி அவருக்காகவே ஓரளவு தயாரானது. தினமும் இலை போட்டுச் சாப்பிடுகிற வீடு எங்கள் தெருவில் எது? கூலி எவ்வளவு என்று கேட்டால், முதலாளியின் காதுக்குப் போகுமோ என்று கூட்டியோ குறைத்தோ சொன்னார்கள். கரை நாடா எறிகிற பையன் அவர் வரும் நேரத்தில் பள்ளிக்கூடம் போயிருந்தான். இதெல்லாம் வஞ்சகம் இல்லை. ஆளப்படுகிறவர்கள் கேள்வி கேட்பவர்களிடம் காட்டுகிற பழைய தற்காப்பு. சர்வேக்காரர், வரிக்காரர், லேபர் ஆபீசர், கட்சிக்காரர், ஆராய்ச்சிக்காரர் எல்லாரும் எங்கள் திண்ணையில் ஒரே மாதிரிதான் உட்காருகிறார்கள், நோட்டை மடியில் வைத்துக்கொண்டு. ஆனால் ஒரு விஷயத்தில் அவர் எங்களை மிஞ்சினார். பட்டு முதலாளியின் வீட்டுக் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்து பேசினார். மறுநாள் காலனியில் உட்கார்ந்து தண்ணி வாங்கிக் குடித்தார். இரண்டையும் ஒரே வாரத்தில் செய்யக்கூடிய பெண் ஆரணியில் வேறு யாருமில்லை. இது அவர் ஊர்க்காரராக வாழ்ந்ததால் கிடைத்ததா? வெளியாளாக இருந்ததால் கிடைத்தது. எங்களுக்குத் தெரியாத ஆரணியை அவர் பார்த்தார் என்றால் காரணம் அதுதான். ஊர்க்காரரைப் போல வாழும் ஆசையில் அந்த இடத்தை விட்டுக்கொடுப்பது நோபிலி செய்ததையே திரும்பச் செய்வது.

இங்கே நம் ஆட்களைப் பற்றியும் பேசியாக வேண்டும். 1874 கோடையில் ரஷ்ய மாணவர்கள் குடியானவர் உடுப்பை மாட்டிக்கொண்டு கிராமங்களுக்குப் போனார்கள். சிலரைக் குடியானவர்களே போலீசில் பிடித்துக் கொடுத்தார்கள். வட ஆற்காட்டிலும் தருமபுரியிலும் நம் தோழர்கள் கிராமங்களில் தங்கி வேலை செய்தபோது மக்கள் அவர்களைக் காட்டிக்கொடுக்கவில்லை, சோறு போட்டார்கள். 1980இல் போலீசு நடத்திய வேட்டையில் சோறு போட்டவர்களும் அடிபட்டார்கள். அப்போதும் போலீசு கேட்ட முதல் கேள்வி, "எந்த ஊருடா நீ?" அந்தத் தியாகத்தை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் எந்த வீட்டில் தங்கினோம், ஊரிலா காலனியிலா, ஊரில் தங்கி காலனிக்குப் போனோமா, காலனியில் தங்கி ஊருக்குள் போக முடிந்ததா என்பவை நம் இயக்க ஆவணங்களில் எழுதப்படாத பக்கங்கள். 'மக்கள்' என்ற ஒற்றைச் சொல் அதையெல்லாம் மூடிக்கொண்டது. காலனியில் தங்கினாலே காலனியின் பார்வை வந்துவிடும் என்றும் சொல்ல முடியாது. செங்கற்பட்டு மாவட்டத்தில் தலித் மக்களிடையே களப்பணி செய்த அமெரிக்கர் மைக்கேல் மொஃபாட், அவர்களும் சாதி ஒழுங்கை மனதார ஏற்று அதையே தங்களுக்குள் படியெடுக்கிறார்கள் என்று 1979இல் எழுதினார். கடுமையான மறுப்புகள் வந்தன. என்னைக் கேட்டால், பக்கத்தில் படுத்திருந்தாலும் அவனவன் கனவை அவனவன்தான் காண்கிறான்.

இதுவரை பேசியதெல்லாம் ஊர்க்காரராக வாழ்வதைத் தேர்ந்தெடுக்கக் கூடியவர்களைப் பற்றி. தேர்வு இல்லாதவர்களிடம் யாரும் இந்த அறிவுரையைச் சொல்வதில்லை. தறியை விட்டு வளைகுடாவுக்குப் போன எங்கள் தெருப் பையன்களிடம் 'அரபிகளைப் போல வாழ்ந்து பார்' என்று எந்த ஏஜெண்டும் சொல்லவில்லை. முகாமுக்கும் வேலையிடத்துக்கும் நடுவே கம்பெனி பஸ் ஓடும், அவ்வளவுதான் அவர்கள் பார்த்த நாடு. வெள்ளைக்காரர் அங்கே போனால் அவரைக் குறிக்க ஆங்கிலத்தில் ஒரு கௌரவமான சொல், நம்மவருக்கு வேறு சொல்.

இலங்கை மலையகத்தில் 19ஆம் நூற்றாண்டிலிருந்து தேயிலைக் காட்டில் உழைத்த தமிழர்களை 1948இன் குடியுரிமைச் சட்டம் ஒரே எழுத்தில் நாடற்றவர்கள் ஆக்கியது. 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் உட்கார்ந்து 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, 1,50,000 பேர் பிறகு பார்க்கலாம் என்று பங்கு பிரித்தார்கள். தலைமன்னாரிலிருந்து கப்பலேறி 'தாயகம்' திரும்பியவர்களுக்கு நீலகிரியிலும் மற்ற இடங்களிலும் நாம் வைத்த பெயர் 'சிலோன்காரங்க'. பாட்டன் பூட்டன் பிறந்த ஊரின் பெயரை அவர்கள் மறக்காமல் வைத்திருந்தார்கள். அந்த ஊர்களுக்கு அவர்களை ஞாபகமில்லை.

1983க்குப் பிறகு வந்த ஈழ அகதிகளின் கதை இன்னும் முடியவில்லை. நம் மொழி பேசி, நம் கடையில் வாங்கி, நம் பள்ளியில் பிள்ளைகளைச் சேர்த்து, பெயின்ட் அடித்தும் கூலி வேலை செய்தும் நாற்பது வருஷமாக இந்த ஊர்க்காரர்களைப் போலவே வாழ்ந்திருக்கிறார்கள். எந்த மானுடவியலாளரும் இவ்வளவு நீண்ட பங்கேற்பைச் செய்ததில்லை. முகாமில் ஆள் எண்ணிக்கை எடுக்கிற நாளில் வரிசையில் நிற்க வேண்டும். 2021இல் தமிழக அரசு 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. 2019இன் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கையின் பெயரே இல்லை. 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண், 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் என்ற சட்டவிதியை வைத்து வழக்காடி, 2022இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளையில் கடவுச்சீட்டுக்கான உத்தரவு பெற்றார். 2024 நாடாளுமன்றத் தேர்தலில் திருச்சியில் முதல்முறையாக வாக்களித்தார். அதே முகாமில் 1988இல் பிறந்தவருக்கு அந்த விதி பொருந்தாது. பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருந்திருக்க வேண்டும். அவருக்கும் வயது நாற்பதை நெருங்குகிறது. எந்த ஊர் என்று கேட்டால் முகாமின் பெயரைச் சொல்கிறார்.